தண்ணீரில் ஒரு வீடு: 950 மைல் கணக்கு

2018 செப்டெம்பர் மாதக் கடைசியில் ஓர் இரவு, கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பாட்டுக்கு அமர்ந்த நேரம் அமெரிக்காவிலிருந்து நானாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. நானா என்று நான் சொல்வது எனது பெரியவாப்பாவின் மூத்த மகனை. முப்பது வருடங்களுக்கு மேல் வேர்ஜீனியா மாநிலத்தில் பலசரக்குக் கடை நடத்தியவர். 2016 இல் கடையைக் கைமாற்றி, மறு வருடம் இருந்த வீட்டையும் விற்றுவிட்டு, மதினியோடு ஒரு மோட்டார் படகில் குடியேறிவிட்டார். குடும்பத்துக்குள் இது பற்றிப் பலவிதமாகப் பேச்சு அடிபட்டது. வயது போன காலத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்றார்கள் சிலர். கோடீஸ்வரராகிவிட்டார் என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே பிழை.

அவர் சொன்ன விடயம் இதுதான். "தம்பி, படகில பாதிப் பங்கு தாறன். 45,000 டொலர். குளிர் காலத்தில புளோரிடாவில ஆக்கள ஏத்தி ஓடினா கிழமைக்கு 2,500 டொலர் வரும். வருசத்துக்கு இருவது கிழமை ஓடலாம். கணக்க நீங்களே பாத்துக்கோங்க."

பார்த்தேன். 20 கிழமைக்கு 50,000 டொலர். பாதி எனக்கு. போட்ட முதல் இரண்டு வருடத்தில் திரும்பிவிடும். டொலர் அப்போது 170 ரூபாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் கேட்ட தொகை ஏறத்தாழ 76 இலட்சம் ரூபா. அவ்வளவு காசு என்னிடம் இருந்தது. ஆனால் அது இரண்டாம் குறுக்குத் தெருவில் எனது கடைக்குப் பக்கத்துக் கடையை எடுப்பதற்காகப் பதினொரு வருடமாகச் சேர்த்த காசு. அத்துடன் நானா எனக்குப் பிறத்தியார் அல்லர். எனது வாப்பா மௌத்தான நேரம் கடை முங்கிவிடாமல் கைகொடுத்தவர் அவர்தான். "வேண்டாம்" என்று தொலைபேசியிலேயே சொல்லக்கூடிய உறவல்ல அது. "வேண்டும்" என்று சொல்வதற்கோ சரக்கைப் பார்க்கவில்லை.

கண்காட்சி ஒன்றுக்காக எடுத்த விசா கையில் இருந்தது. நவம்பர் முதல் வாரம் நோர்போக் நகருக்குப் போய்ச் சேர்ந்தேன். பெட்டிக்குள் ஒரு சீ.ஆர். கொப்பியும் வைத்துக்கொண்டு போனேன்.

முதலில் இந்தப் பாதையைப் பற்றிச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி, பெருங்கடலுக்குள் இறங்காமலேயே உள்ளால் போகக்கூடிய நீர்வழி ஒன்று உண்டு. அதனை இன்ட்ராகோஸ்டல் வோட்டர்வே என்பார்கள். ஆறுகள், களப்புகள், மணல் தீவுகளுக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய கால்வாய்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து உண்டாக்கிய பாதை. வேர்ஜீனியாவின் நோர்போக் தான் பூச்சிய மைல். அங்கிருந்து மியாமி வரை ஏறத்தாழ 1,090 மைல். அமெரிக்க இராணுவத்தின் பொறியியலாளர் படைப்பிரிவு இதனைப் பராமரிக்கிறது. பெரும்பகுதிக்கு 12 அடி ஆழம் என்று சட்டத்தில் இருக்கிறது. மண் அடைபட்ட இடங்களில் அதில் பாதி கூட இல்லை என்பதைப் பின்னால் நாமே அனுபவித்தோம். முதலில் இது உல்லாசத்துக்காக வெட்டப்பட்ட பாதையல்ல, சரக்குக்காக வெட்டப்பட்டது. 1942 இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இந்தக் கரையோரத்தில் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தபோது உள்வழியின் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது. இன்று சரக்குப் படகுகளைவிட, குளிருக்குப் பயந்து தெற்கே இறங்கி வசந்தத்தில் வடக்கே ஏறும் ஓய்வுபெற்றவர்களின் படகுகளைத்தான் அதிகம் காணலாம்.

நானாவின் படகு 40 அடி நீளம். 1984 இல் தாய்வானில் கட்டப்பட்டது. மீன்பிடி டிரோலரின் சாயலில் இருப்பதால் இந்த ரகத்தை டிரோலர் என்றே அழைக்கிறார்கள். ஒரேயொரு டீசல் இஞ்சின், போர்ட் லீமன், 120 குதிரைவலு. முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, இரண்டு சின்னக் கழிவறை, நடுவில் சமையலும் இருக்கையும். அமெரிக்க வரிச் சட்டத்தின்படி படுக்கவும் சமைக்கவும் கழிவறைக்கும் வசதி இருந்தால் படகையும் வீடு என்றே கணக்கெடுப்பார்கள். மதினி அதை "வீடு" என்றுதான் சொல்வார். நானா "படகு" என்பார். இந்த இரண்டு சொல்லுக்கும் இடையில்தான் எனது கணக்கு முழுவதும் கிடந்தது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதல் நாளே பெரிய வழியை விட்டுவிட்டு டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாயால் இறங்கினோம். சதுப்பு நிலக் காட்டுக்கு ஊடாக 22 மைல். 1793 இல் தோண்டத் தொடங்கி 1805 இல் திறந்தது. அடிமைகளின் கையால் வெட்டப்பட்டது. எமது நாட்டில் வெள்ளைக்காரர் ஹமில்டன் கால்வாயை 1802 இல் தொடங்கி 1804 இல் முடித்தார்கள். ஏறத்தாழ ஒரே காலம். அங்கே தண்ணீர் பால் விடாத தேத்தண்ணி நிறம். இரு அந்தத்திலும் நீர்க்கதவுகள் உண்டு. படகை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். நாளுக்கு நான்கு தடவைதான் திறப்பார்கள். நேரத்தைத் தவறவிட்டால் கயிற்றைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இந்த வாழ்க்கையில் அவசரக்காரனுக்கு இடமில்லை.

அடுத்த ஊர் எலிசபெத் சிட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வியாபாரிகளுக்குரிய பகுதி இது. நகரத்தின் கரையில் வந்து தரிக்கும் படகுகளுக்கு 48 மணி நேரம் இலவசம். 1983 இல் ஜோ கிரேமர், பிரெட் பியரிங் என்ற இரண்டு ஊர்வாசிகள், வந்து நிற்கும் படகுகளில் உள்ள பெண்களுக்கு ரோஜாப் பூ கொடுத்து, ஒரு சின்ன விருந்தும் வைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பூவின் பெயரால் ஊர் படகுக்காரர் மத்தியில் பிரபலமாகிவிட்டது. நாங்கள் கட்டிய அன்று வரிசையாகப் பல படகுகள். அவ்வளவு பேரும் இரண்டு நாளும் எங்கே சாப்பிட்டார்கள், எங்கே உடுப்புக் கழுவினார்கள், எங்கே பெட்டரியும் பல்பும் வாங்கினார்கள்? அந்த ஊரில்தான். நானா மட்டும் அங்கே 140 டொலருக்குச் சாமான் வாங்கினார். எமது கடைத்தெருக்களில் வாகனத்தை நிறுத்த இடம் கொடுக்காமலே வாடிக்கையாளர் குறைந்துவிட்டார்கள் என்று புலம்புகிறோம் என்பதை நான் அங்கே நின்று யோசித்தேன்.

இனி எண்ணெய்க் கணக்கு. படகு என்றாலே எண்ணெய் குடித்து முடித்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அது வேகத்தைப் பொறுத்தது. இவ்வாறான கனமான படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகிறது. தானே ஓர் அலையை உண்டாக்கி அதன் பள்ளத்துக்குள் உட்கார்ந்து நகர்கிறது. நீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வருவதுதான் அதன் எல்லை வேகம். 36 அடிக்கு வர்க்கமூலம் 6. ஆகவே 8 நொட் சொச்சம். அதற்கு மேல் போக வேண்டுமானால் தன்னுடைய அலையின் மேல் தானே ஏற வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய்ச் செலவு பல மடங்காகிறது, வேகமோ கூடுவதில்லை. நானா 7 நொட்டில் ஓடினார். அதாவது மணிக்கு 8 மைல். சைக்கிளில் போகிறவன் முந்திவிடுவான்.

நோர்போக்கிலிருந்து வீரோ பீச் வரை 950 மைல் சொச்சம். எமக்கு ஏறத்தாழ 120 மணி நேர ஓட்டம். மணிக்கு இரண்டே கால் கலன் வீதம் 270 கலன், நாம் வாங்கிய சராசரி விலையில் 870 டொலருக்குள் முடிந்தது. வழியில் எம்மை முந்திக்கொண்டுபோன இரட்டை இஞ்சின் படகொன்றின் முதலாளியை ஓர் இரவு சந்தித்தோம். 18 நொட் ஓடும்போது மணிக்கு 36 கலன் என்றார். அதே தூரத்தை முழுவதும் அந்த வேகத்தில் ஓடினால் 1,650 கலன், 5,300 டொலர். ஆறு மடங்கு. புளோரிடாவுக்குள் கடற்பசுக்கள் அடிபடாமல் இருப்பதற்காகப் பல மைல்களுக்கு மெதுவாகத்தான் போக வேண்டும் என்று சட்டம் இருப்பதால் அங்கே அவரும் எமக்குப் பின்னால்தான் வந்தார்.

ஆகவே எண்ணெய் அல்ல பிரச்சினை. படகைக் கட்டி வைக்கும் கூலிதான் எண்ணெயைவிடக் கூடியது. மரினா என்ற படகுத் துறைகளில் ஒரு இரவுக்கு அடிக் கணக்கில் காசு. அடிக்கு 2 டொலர் என்றால் 40 அடிக்கு 80 டொலர். மின்சாரம் வேறு. 30 இரவுகளில் 12 இரவு மரினாவில் நின்றோம். அதற்கே 1,000 டொலருக்கு மேல். எலிசபெத் சிட்டியில் இரண்டு இரவு இலவசம். மீதி 16 இரவு ஏதாவது ஒரு ஓடையில் நங்கூரம் போட்டுத் தூங்கினோம். அதற்கு எவருக்கும் காசில்லை. நுளம்புக்கு இரத்தம் மட்டும் கொடுத்தால் போதும்.

படகு வாழ்க்கையை உல்லாசம் என்று நினைப்பவர்கள் கழிவறையிலிருந்து தொடங்க வேண்டும். கரையோர நீரில், மூன்று கடல் மைலுக்குள், சுத்திகரிக்காத கழிவை விடுவது சட்டப்படி குற்றம். தாங்கி ஒன்றுக்குள் சேர்த்து, உறிஞ்சி எடுக்கும் நிலையத்தில் கொடுக்க வேண்டும். 1992 இல் வந்த சட்டத்தின் கீழ் அரச உதவியில் கட்டிய நிலையங்களில் அப்போது வழக்கமாக 5 டொலருக்கு மேல் வாங்கவில்லை. குழாயைப் பிடிக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. குடிதண்ணீர் 200 கலன்தான். மதினி கோப்பை கழுவும் முறையைப் பார்த்த பிறகு, கொழும்பில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குவதை நான் நிறுத்திவிட்டேன். ஹலால் இறைச்சி சின்ன ஊர்களில் கிடைக்காது. ஆகவே நோர்போக்கிலேயே ஒரு மாதத்துக்கு உரியதை வாங்கிக் குளிரூட்டியில் அடுக்கிவிடுவார். நங்கூரம் போட்ட இரவுகளில் அந்தக் குளிரூட்டிக்காகவே ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் ஓட்டினார்கள்.

கடிதம் எப்படி வரும் என்று கேட்டேன். வங்கி, வைத்தியசாலை, வரித் திணைக்களம் எல்லாம் ஒரு விலாசம் கேட்குமே! புளோரிடாவில் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சென் பிரெண்டன்ஸ் ஐல் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. படகில் வாழ்பவர்களின் கடிதங்களை வாங்கி, உறையைப் படம் பிடித்துக் காட்டி, சொன்ன இடத்துக்கு அனுப்பி வைப்பதுதான் அதன் தொழில். புளோரிடாவில் மாநில வருமான வரி இல்லாததால் பலர் அந்த விலாசத்தையே நிரந்தர விலாசமாக வைத்துக்கொள்கிறார்கள். பிறருக்கு ஒரு விலாசம் கொடுத்துக் காசு உழைப்பது! படகின் அடியைச் சுரண்டிக் கழுவும் சுழியோடி, திரைச்சீலை தைப்பவர், வானில் சாமான் கொண்டு வந்து திருத்திக் கொடுக்கும் டீசல் மெக்கானிக் என்று இந்த நீர்வழியில் உழைப்பவர்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தேன். படகு வைத்திருந்து உழைப்பவர் ஒருவரையும் பதினைந்து நாளாகக் காணவில்லை.

வட கரோலினாவில் அந்த வருடம் வேறொரு பாடமும் கிடைத்தது. செப்டெம்பர் 14 ஆம் திகதி புளோரன்ஸ் சூறாவளி ரைட்ஸ்வில் பீச் பக்கம் கரை ஏறியிருந்தது. நாம் போனபோது உடைந்த துறைகளும் புல்வெளியில் சாய்ந்து கிடந்த படகுகளும் அப்படியே இருந்தன. சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நானாவின் காப்புறுதிப் பத்திரத்தில் நவம்பர் 1 வரை வேர்ஜீனியாவுக்குத் தெற்கே படகு இருக்கக்கூடாது என்று ஒரு வரி உண்டு. மீறினால் சூறாவளிச் சேதத்துக்கு நட்டஈடு இல்லை. ஆகவே "நினைத்த இடத்துக்கு நினைத்த நேரம் போகலாம்" என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். போகும் திகதியைக் காப்புறுதிக் கம்பனி தீர்மானிக்கிறது.

ஜோர்ஜியா மாநிலத்தில் வற்றுப்பெருக்கு 7 முதல் 9 அடி வரை. எமது கரையில் இரண்டு மூன்று அடியைக் கூடக் காணாத எனக்கு அது ஆச்சரியம். சவன்னாவுக்குத் தெற்கே வற்றும் நேரத்தில் ஒரு வளைவைக் கொஞ்சம் உள்ளால் எடுத்தார் நானா. படகு சேற்றில் மெதுவாக உட்கார்ந்தது. சத்தம் கூட இல்லை. சற்று நேரத்தில் தட்டில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை ஒரு பக்கமாக வழுக்கத் தொடங்கியது. வானொலியில் அழைத்ததும் இழுவைப் படகு ஒன்று வந்தது. கயிற்றை வாங்கும் முன் நானா உரத்துக் கேட்டார்: "இது இழுவையா, மீட்பா?" இழுவை என்றார் அந்த மனிதர். அதன் பிறகுதான் கயிற்றைப் பிடித்தார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளக்கினார். மணலில் இலேசாகத் தட்டிய படகை இழுத்துவிடுவது ஒரு சேவை. வருடச் சந்தா கட்டியவருக்கு அது இலவசம். சந்தா இல்லாதவருக்கு மணிக் கணக்கில் நூற்றுக்கணக்கான டொலர். ஆனால் படகு ஆபத்தில் இருக்கிறது, அதைக் காப்பாற்றினோம் என்று ஆகிவிட்டால் அது கடல் சட்டத்தின்படி மீட்பு. மீட்டவர் படகின் பெறுமதியில் ஒரு பங்கையே கேட்கலாம். கயிறு ஒன்றுதான், பட்டியல் இரண்டு. விலை பேசாமல் சரக்கை இறக்கிவிட்டுப் பிறகு சண்டை பிடிக்கும் எமது ஆட்கள் சிலரை நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி நேரத் தாமதத்தோடு அது முடிந்தது. அன்றிரவு நங்கூரம் போட்டதன் பிறகு நானா தனது செலவுப் பைலை எனக்கு முன்னால் வைத்தார். ஒளிக்கவில்லை. அது அவருடைய குணம்.

2017 இல் 72,000 டொலருக்கு வாங்கியிருக்கிறார். முதல் வருடத்திலேயே 31,000 டொலர் திருத்தம். தாய்வானில் அக்காலத்தில் கட்டிய இந்த ரகப் படகுகளில் எண்ணெய்த் தாங்கிகள் இரும்பு. மேலிருந்து கசியும் நீர் அதன் தலையில் விழுந்து துருப்பிடிக்கும். தாங்கியை வெளியே எடுக்க இஞ்சினைக் கழற்ற வேண்டும். நீர் ஏன் கசிகிறது? மேல்தட்டில் தேக்குப் பலகையை ஆயிரக்கணக்கான திருகாணிகளால் இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆணித் துளையும் ஓர் ஒழுக்கு. அஸ்பெஸ்டஸ் கூரையில் ஆணி அடித்த இடத்தால் மழை ஒழுகுவதைப் போலத்தான். அங்கே கூரைக்குக் கீழே இருக்கும் மரக்கட்டையும் உக்கிவிடுகிறது. படகுக்காரர்கள் 1,000 டொலர் நோட்டு என்று ஒன்று இருப்பதாகவும் அதற்குக் குறைவாகப் படகில் எதற்கும் மாற்றுக் காசு கிடையாது என்றும் பகிடி சொல்வார்கள். வருடத்துக்குப் படகு விலையில் பத்தில் ஒன்று பராமரிப்புக்குப் போகும் என்பது அவர்களுடைய வாய்பாடு. பழைய படகுக்கு அதுவும் போதாது.

எழுதிக் கூட்டினேன். கட்டுக் கூலி 7,500. டீசல், போக வர, ஜெனரேட்டரோடு 2,500. காப்புறுதி 2,400. திருத்தம் 9,000. சந்தா, கடிதம், தொலைபேசி 1,000. வருடத்துக்கு 22,400 டொலர். சாப்பாடு சேரவில்லை. அவர் எனக்குச் சொன்ன 50,000 டொலர் வருமானக் கணக்கில் இந்தச் செலவு ஒன்றுமே இருக்கவில்லை. அத்துடன் பாதிப் பங்கு 45,000 என்றால் முழுப் படகு 90,000. அதற்குச் செலவழித்த 103,000 டொலரிலிருந்து கொஞ்சம் குறைத்துத்தான் அந்த விலையை வைத்திருக்கிறார். சந்தையிலோ அவ்வாறான படகு 75,000 டொலருக்கு மேல் போகவில்லை. ஒரு சாமானுக்கு நாம் செய்த செலவு வேறு, அதன் விலை வேறு. முப்பது வருடம் கடை நடத்திய மனிதர் இதை அறியாதவரல்லர். தான் குடியிருக்கும் இடம் என்று வந்ததும் கண் மறைத்துவிட்டது.

இவ்வளவும் இருந்தும் நான் முடிவு எடுக்கவில்லை. வருமானம் பாதியாக வந்தாலும் உறவுக்காகக் கொஞ்சம் போடலாம் என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. சென் ஒகஸ்டினில் வைத்துத்தான் கதை மாறியது. பக்கத்துப் படகில் இருந்தவர் காசுக்கு ஆட்களை ஏற்றி ஓடும் உரிமம் பெற்ற கப்டன். பதினைந்து நாளாக நான் தேடிய ஆள். மதினி கொடுத்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே எமது திட்டத்தைக் கேட்டார். இரண்டு கேள்விதான் கேட்டார். "படகு எங்கே கட்டியது? இவர் எந்த நாட்டுப் பிரஜை?"

அமெரிக்கச் சட்டப்படி, அவர்களுடைய கரையோரத்தில் காசுக்கு ஆட்களை ஏற்றும் படகு அமெரிக்காவில் கட்டியதாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் கட்டிய சின்னப் படகுக்கு, மூன்று வருடம் பழையதாகவும் 12 பேருக்கு மேல் ஏற்றாததாகவும் இருந்தால், கடல்துறை நிர்வாகத்திடம் விலக்குக் கேட்கலாம். அது பலருக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் உரிமைக்கு விலக்கு இல்லை. தனியாட்கள் சேர்ந்து வைத்திருந்தால் ஒவ்வொருவரும் அமெரிக்கப் பிரஜையாக இருக்க வேண்டும். கம்பனி ஒன்றின் பெயரில் வைத்தாலும் முக்கால் பங்கு பிரஜைகளின் கையில் இருக்க வேண்டும். நான் பாதிப் பங்கு எடுத்த அந்த நாளே அந்தப் படகு காசுக்கு ஆள் ஏற்றும் தகுதியை இழந்துவிடும். எனது காசுதான் அந்த வியாபாரத்துக்குத் தடை! இதற்கு மேல் ஓட்டுபவருக்குக் கரையோரக் காவற்படையின் உரிமம் வேண்டும். அதற்கு 360 நாள் கடல் அனுபவம் காட்ட வேண்டும். உரிமம் எடுத்தாலும், பரிசோதனை பெறாத படகில் ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. காப்புறுதியும் வேறு. நானாவிடம் இருந்தது வீடாகப் பாவிப்பதற்குரிய காப்புறுதி. காசு வாங்கி ஒருவரை ஏற்றினாலே அது செல்லாது.

"வாங்கக்குள்ள தரகர் ஒண்டும் சொல்லல்லயா நானா?" என்று கேட்டேன். "உழைக்கலாம் எண்டுதான் சொன்னான்," என்றார். தரகர் பொய் சொல்லவில்லை. யார் உழைக்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை, நானா கேட்கவும் இல்லை.

வீரோ பீச்சுக்கு டிசம்பர் முதல் வாரம் போய்ச் சேர்ந்தோம். வந்தவர்கள் ஒட்டிக்கொண்டு போகாமல் இருப்பதால் படகுக்காரர்கள் அந்த ஊருக்கு "வெல்க்ரோ பீச்" என்று பட்டப் பெயர் வைத்திருக்கிறார்கள். மிதவையில் கட்டி முடித்த பின், பங்கு எடுக்கவில்லை என்று சொன்னேன். கொப்பியையும் காட்டினேன். நானா வாசிக்கவில்லை. எழுந்து போய் இஞ்சின் அறைக்குள் இறங்கி, ஒரு தேவையும் இல்லாமல் எண்ணெய் வடிகட்டியைக் கழற்றிப் பூட்டினார். இரண்டு நாள் பேச்சுக் குறைவு. மூன்றாம் நாள் மதினிதான் என்னிடம் வந்து, "எனக்கு ஆக்கள் வாறது விருப்பமில்ல தம்பி. இது என்ட வீடு. செல்ல முடியாம இருந்தன்," என்றார். கிழமைக்கு ஒரு குடும்பத்தை அந்தப் பின் அறையில் இருத்திச் சமைத்துப் போட வேண்டியவர் அவர்தானே. அவருடைய வேலைக்கு நானாவின் கணக்கிலும் எனது கணக்கிலும் ஒரு சதம் கூட எழுதப்பட்டிருக்கவில்லை.

ஊர் திரும்பி 2019 ஜனவரியில் பக்கத்துக் கடையை எடுத்தேன். அந்த வருடமும் அதற்குப் பிந்திய வருடங்களும் எமது தெருவுக்கு எப்படிப் போயின என்று இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நானா 2021 வசந்த காலத்தில் படகை விற்றார். கொரோனாக் காலத்தில் அமெரிக்காவில் பழைய படகுகளுக்குத் திடீர்க் கிராக்கி. 78,000 டொலருக்குப் போனது. பத்து வீதம் தரகு போக 70,200. போட்ட 103,000 டொலரில் 32,800 குறைவு. நாலு வருடத்துக்கு, மாதம் 683 டொலர். வருடச் செலவையும் மாதமாக்கிச் சேர்த்தால் மாதம் 2,550 டொலர் வருகிறது. இதில் வேடிக்கை, எனது பாதிப் பங்கு இருந்திருந்தால் அதன் பெறுமதி 35,100 டொலர். டொலர் 200 ரூபாவாக இருந்த அந்த நேரம் 70 இலட்சம் ரூபா. ரூபாக் கணக்கில் முதல் பெரிதாகக் கரைந்திருக்காது. ஆனால் வருடா வருடம் செலவில் பாதியையும் நான் கட்டியிருப்பேன்.

"நட்டம் 32,800 நானா," என்று தொலைபேசியில் சொன்னேன். "நட்டம் எண்டு எழுதாதீங்க. வாடகை எண்டு எழுதுங்க," என்றார். யோசித்துப் பார்த்தால் கணக்கியல்படி அவர் சொல்வது சரி. இரண்டு பேர் நாலு வருடம் அதில் குடியிருந்திருக்கிறார்கள். வீட்டுக் கணக்கில் எழுதினால் அது தாங்கக்கூடிய செலவு. வியாபாரக் கணக்கில் எழுதியதால்தான் அது எனது 76 இலட்சத்தையும் கேட்டது.

இப்போது புளோரிடாவில் ஜக்சன்வில் நகரில் இரண்டு அறை வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். போன மாதம் அழைத்து, அந்த சீ.ஆர். கொப்பியின் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். 41 பக்கம். அனுப்பினேன்.